திரையை விலக்காதீர்கள்

“வெளிச்சம்தானே, அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது?” நாட்பட்ட சோர்வு நோயாளிகளுக்கு ஒளிச் சிகிச்சையைச் சிபாரிசு செய்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். முதலில் உடற்கடிகாரத்தைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து மெலடோனின் வரும். குளிர்நாடுகளில் பனிக்கால மனச்சோர்வை விளக்குப் பெட்டி விரட்டிய கதையும் வரும். சான்று எங்கே என்று கேட்டால், சான்று குறைவாக இருந்தாலும் பக்கவிளைவு இல்லாத வைத்தியம், முயன்று பார்ப்பதில் தவறில்லை என்று முடித்துக்கொள்வார்கள். மருத்துவர்கள் சிலர், உடல்நல ஆலோசகர்கள், விளக்கு விற்கிறவர்கள், வீட்டில் அக்கறையோடு பார்த்துக்கொள்கிற பெரியவர்கள் என எல்லாரிடமும் இந்தக் கருத்து ஊறிப்போயிருக்கிறது.

இது தவறான கருத்து. இந்த நோய்க்கு ஒளி மருந்தாகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் பலனில்லை என்று எழுதி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. கெடுதல் இல்லை என்ற வாதமோ, நோய் முற்றிப்போய்ப் படுக்கையில் கிடப்பவர்கள் விஷயத்தில் உண்மைக்கு நேர் எதிரானது.

முதலில் நோய் என்னவென்று தெளிவாகிவிட வேண்டும். குழப்பம் முழுவதும் ‘சோர்வு’ என்ற சொல் பெயரில் இருப்பதால் வருவது. மேலைநாடுகளில் இப்போது எம்.இ. (மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்), சி.எஃப்.எஸ். (குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்) என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். 2015இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை இந்த நோயின் அடையாளத்தைத் திருத்தி எழுதியது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிற, ஓய்வெடுத்தாலும் தீராத முடக்கம் இருக்க வேண்டும். தூங்கி எழுந்தாலும் புத்துணர்ச்சி இருக்காது. இவற்றோடு சிந்தனைக் குழப்பமோ, நிமிர்ந்து இருந்தால் உடல் தாங்காத நிலையோ சேர்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு உழைப்புக்குப் பிறகு வருகிற பெரும் சரிவு. குளிப்பது, போனில் பத்து நிமிடம் பேசுவது, ஒரு கடிதத்தைப் படித்துப் பதில் எழுதுவது போன்ற காரியங்கள்கூட இந்தச் சரிவைக் கொண்டுவரலாம். அது உடனே வருவதில்லை. பல மணி நேரம் கழித்தோ, ஒருநாள் இரண்டுநாள் கழித்தோ வந்து, நாட்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கிடத்திவிடும்.

வேலைக்குப் போய்வந்து அசந்துபோவது வேறு, இது வேறு. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில் கிட்டத்தட்ட எட்டில் ஒருவர் ஆறு மாதத்துக்கும் மேலாகச் சோர்வாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்தச் சோர்வுக்கு வறுமையோடும் மனஉளைச்சலோடும் நெருங்கிய தொடர்பு இருந்தது. அதுவும் கவனிக்கப்பட வேண்டிய துயரம்தான். ஆனால் அந்தச் சோர்வையும் எம்.இ. என்ற நோயையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு, ஒன்றுக்குச் சொல்கிற யோசனையை மற்றதற்கும் சொன்னால் நோயாளி கெடுகிறார். ஒளிச் சிகிச்சை விஷயத்தில் நடப்பது அச்சு அசல் இதுவே.

விளக்குப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அந்தக் கதையை நான் மறுக்கவில்லை. அது மருத்துவத்தின் நல்ல கதைகளில் ஒன்று. பளிச்சென்ற ஒளி மனிதர்களுக்கு இரவில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோனை அடக்குகிறது என்று 1980இல் ஆல்ஃப்ரெட் லூயி குழுவினர் காட்டினார்கள். சாதாரண வீட்டு விளக்கு அதற்குப் போதவில்லை, 2,500 லக்ஸ் ஒளியளவு தேவைப்பட்டது. அதன் மேல் கட்டி, 1984இல் நார்மன் ரோசன்தால் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்திலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒவ்வொரு குளிர்காலமும் மனம் சுருங்கி, அதிகம் தூங்கி, அதிகம் சாப்பிட்டு, வசந்தம் வந்ததும் தெளிந்துவிடுகிற 29 பேரை விவரித்தார். அவர்களில் 11 பேருக்குப் பிரகாசமான விளக்கொளியால் பகலை நீட்டிப் பார்த்ததில் மனநிலை மேம்பட்டது. பிறகு காலையில் 10,000 லக்ஸ், அரைமணி நேரம் என்று அளவு படிந்தது. கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் இருக்கின்றன என்பதை 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர் நிறுவியபோது இந்தச் சிகிச்சைக்கு உடலியல் அடித்தளமும் கிடைத்தது.

இவ்வளவும் சரி. பனிக்கால மனச்சோர்வுக்கு ஒளி நல்ல சிகிச்சை. அங்கிருந்து எம்.இ.க்கு எப்படித் தாவினார்கள் என்பதுதான் என் கேள்வி. இரண்டிலும் ஆள் சோர்ந்திருக்கிறார் என்பதைத் தவிர அந்தத் தாவலுக்கு ஆதாரமே இல்லை. பனிக்கால மனச்சோர்வு உள்ளவருக்கு எதிலும் விருப்பம் இராது. கிளப்பிவிட்டு நடக்கவைத்தால் கொஞ்சம் தேறுவார். எம்.இ. நோயாளிக்குச் செய்ய ஆசைப்படுகிற காரியங்கள் நூறு இருக்கும். கிளப்பிவிட்டு நடக்கவைத்தால் விழுந்துவிடுவார். இரண்டு நாள் தொடர்ச்சியாக சைக்கிள் பரிசோதனை செய்து பார்த்த ஆய்வாளர்கள், முதல் நாள் எட்டிய அளவை இந்த நோயாளிகள் பலரால் இரண்டாம் நாள் எட்ட முடியவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆரோக்கியமான மனிதர்கள்கூட இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவை எட்டிவிடுகிறார்கள். வசந்தம் வந்தால் எம்.இ. விலகிப்போவதும் இல்லை.

இனி லிவர்பூலுக்கு வருகிறேன். ஒளிச் சிகிச்சையைச் சிபாரிசு செய்பவர்கள் பேசாமல் கடந்துபோகிற ஆய்வு அங்கேதான் நடந்தது.

1990களின் நடுவில் கேரத் வில்லியம்ஸ் தலைமையிலான குழு ஒரு சுவாரசியமான விஷயத்தைக் கண்டது. ஆரோக்கியமானவர்களின் உடலில் வெப்பநிலை ஏறி இறங்குகிற தாளமும் மெலடோனின் சுரக்கத் தொடங்குகிற நேரமும் கைகோத்து நடக்கின்றன. நாட்பட்ட சோர்வு நோயாளிகளிடம் அந்தக் கைகோப்பு விட்டுப்போயிருந்தது. 1996இல் அதை வெளியிட்டார்கள். நீண்ட விமானப் பயணம் போனவர், இரவு ஷிப்ட் பார்ப்பவர் ஆகியோருக்கு நேர்கிற குலைவு போன்ற ஒன்று இந்த நோயாளிகளின் உடலில் நிரந்தரமாகத் தங்கிவிட்டதோ என்ற கருதுகோள் பிறந்தது. நல்ல கருதுகோள். கடிகாரம் குழம்பியிருந்தால் கடிகாரத்தைத் திருத்தினால் நோய் தணிய வேண்டும்.

அதே குழு அதைச் சோதித்தது. தங்கள் கருத்துக்கே உலை வைக்கக்கூடிய சோதனையைத் தாங்களே நடத்திய அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். நோயாளிகள் 30 பேர். முதலில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. பிறகு மாலையில் 5 மில்லிகிராம் மெலடோனின் 12 வாரம், காலையில் ஒரு மணி நேரம் 2,500 லக்ஸ் ஒளி 12 வாரம், நடுவில் இடைவெளி விட்டு, யாருக்கு எது முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். சோர்வு, மனக்களைப்பு, பதற்றம், பொதுவான உடல்நலம் எல்லாவற்றையும் அளந்தார்கள். 2002இல் முடிவு வந்தது. நோயின் முக்கிய அறிகுறிகள் எதிலும் எந்தச் சிகிச்சையும் குறிப்பிடத்தக்க மாற்றம் தரவில்லை.

அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் நிறுத்திவைத்த எண் ஒன்று உண்டு. ஒளிச் சிகிச்சையின்போது உடல் வெப்பநிலைத் தாளம் 0.8 மணி, அதாவது ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னால் நகர்ந்தது. ஒளி தன் வேலையைச் செய்தது என்று பொருள். கண்ணுக்குள் போனது, மூளைக்குச் சேதி சொன்னது, கடிகாரத்தின் முள்ளை நகர்த்தியது. நோயாளியோ இருந்த இடத்திலேயே இருந்தார். ‘உடற்கடிகாரம் சரியானால் நோய் குறையும்’ என்ற வாதத்துக்கு இதைவிடக் கடுமையான பதில் எதுவும் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். விளக்கின் வலு போதாமல் தோற்றிருந்தால், வலுவான விளக்கு வாங்கலாம் என்று சொல்லலாம். இங்கே கடிகாரம் நகர்ந்த பிறகும் நோய் அசையவில்லை.

முடிவுரையில் அந்த ஆய்வாளர்கள் ஒளியும் மெலடோனினும் இந்த நோயில் பயனற்றவையாகத் தெரிகின்றன என்றார்கள். அதோடு நிற்கவில்லை. மருத்துவர்களும் மாற்று வைத்தியர்களும் ஏற்கனவே இவற்றை எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், தெளிவான பலன் நிரூபணமாகும் வரை இந்தக் கட்டுப்பாடற்ற பயன்பாட்டைத் தடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். மருத்துவ இதழ்களில் இவ்வளவு நேரடியான வாக்கியம் அபூர்வம். அதை எழுதியவர்கள் அந்தக் கருதுகோளை உருவாக்கியவர்களே.

30 பேர்தானே, சின்னச் சோதனைதானே என்று கேட்கலாம். சின்னதுதான். ஒரே சோதனையால் எந்த வாசலும் நிரந்தரமாக மூடிவிடாது. ஆனால் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். முகத்துக்கு எதிரே எரிகிற விளக்கை நோயாளியிடமிருந்து மறைக்க முடியாது. சிகிச்சை நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். பலனை அளப்பதும் அவரே நிரப்பிக்கொடுக்கிற படிவத்தால்தான். இப்படிப்பட்ட சோதனையில் நம்பிக்கையே பாதிப் பலனைக் காட்டிவிடும். இல்லாத நன்மை இருப்பதாகத் தெரிவதற்கே வாய்ப்பு அதிகம். அவ்வளவு சாதகமான நிலையிலும் ஒளி ஒன்றும் காட்டவில்லை. அதோடு, நிரூபிக்கிற பாரம் விற்கிறவர்மேல் இருக்கிறது. அந்த 30 பேர் போதாதென்றால் 300 பேரை வைத்து அவர்கள் சோதித்துக் காட்டட்டும். அதுவரை எதிர்ச்சான்று சின்னது என்பதைச் சாதகச் சான்றாக மாற்றிக்கொள்ள முடியாது.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க்காரர்கள் விளக்குப் பெட்டிக்குப் பதில் ‘காலையில் கொஞ்சம் வெயிலில் நில்’ என்பார்கள். ஒளிக் குறைவால் வருகிற நோயாக இருந்தால், ஒளி கொட்டுகிற நாடுகளில் அது அரிதாக இருக்க வேண்டும். லண்டனிலும் பிரேசிலின் சாவோ பாலோவிலும் மருத்துவரைப் பார்க்க வந்தவர்களை ஒரே அளவுகோலால் ஆராய்ந்த ஓர் ஒப்பாய்வு 2009இல் வந்தது. நாட்பட்ட சோர்வு நோய் இரண்டு இடங்களிலும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில், நூற்றுக்கு இரண்டு பேர் என்ற அளவை ஒட்டி இருந்தது. லண்டனின் டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. சாவோ பாலோவின் மிகக் குறுகிய பகலும் பத்து மணி நேரத்துக்கு மேல். நைஜீரியாவில் நடந்த ஆய்விலும் இந்த நோய் இருந்தது. உச்சி வெயிலில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் கிடைக்கும். எந்த விளக்குப் பெட்டியாலும் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. அந்த வெயிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

வைட்டமின் டி வாதம் இன்னும் பலவீனம். விளக்குப் பெட்டிகள் புற ஊதாக் கதிரை வடிகட்டித்தான் தயாராகின்றன. அவற்றால் தோலில் வைட்டமின் டி உருவாகாது. ஸ்காட்லாந்தில் இந்த நோயாளிகளுக்கு வைட்டமினையே அதிக அளவில் நேராகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அளவு ஏறியது. சோர்வு குறையவில்லை.

இனி அந்தக் கேள்வி. வெளிச்சத்தால் என்ன கெட்டுவிடும்?

லண்டனுக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருக்கும் என் பெரியப்பா மகளுக்கு ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இந்த நோய் வந்தது. குடும்ப மருத்துவர் ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பெரியம்மா விளக்குப் பெட்டி வாங்கிக்கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் நிறுத்திவைக்கிற, ஒரு நோட்டுப் புத்தகம் அளவான வெள்ளைப் பலகை. முகம் அதற்கு ஒரு அடி தூரத்தில் இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், காலையில் எழுந்ததும் அரைமணி நேரம். அக்காவால் தலையை அவ்வளவு நேரம் நிமிர்த்தி வைக்க முடியாது. முழங்கையை மேசையில் ஊன்றி, தாடையை இரண்டு உள்ளங்கையிலும் தாங்கிக்கொண்டு உட்காருவாள். சில காலைகளில் அது முடிந்ததும் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்திருக்கிறது. எழுந்து, காய்ந்த துணிகளை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள். பெரியம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மறுநாள் பேச்சு குறைந்தது. அதற்கடுத்த நாள் பல் துலக்கக்கூட எழ முடியவில்லை.

“வெளிச்சம் பட்டாத் தெளிவா இருப்பேன்னுதானேடி டாக்டர் சொன்னாரு?” என்று பெரியம்மா கேட்டபோது அக்கா சொன்னது: “தெளிவாத்தாம்மா இருந்துச்சு. அதான் வம்பாப் போச்சு.”

ஒருவர் அனுபவம் ஆய்வாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மேசையில் என்னென்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் இந்த நோயைப் பற்றி ஏற்கனவே தெரிந்த உண்மையோடு பொருந்துகிறது. ஒன்று, நிமிர்ந்து உட்கார்வது. நெதர்லாந்தில் வான் காம்பன் குழுவினர், சாய்வுப் படுக்கையில் நிமிர்த்தப்பட்ட 429 நோயாளிகளின் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அது 7 சதவீதம் குறைந்தது. நோயாளிகளுக்கு 26 சதவீதம். நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு வெறுமனே உட்கார்ந்தாலே ரத்த ஓட்டம் கால் பங்கு அளவுக்குக் குறைந்ததையும் அதே குழு காட்டியது. ‘அரைமணி நேரம் சும்மா உட்கார்’ என்பது நமக்கு ஓய்வு. இவர்களுக்கு அது உழைப்பு.

இரண்டு, விழிப்பூட்டும் தன்மை. ஒளி மூளையை உசுப்புகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் உசுப்புவதும் சக்தி தருவதும் ஒன்றல்ல. செல்களில் ஆற்றல் ஏறாமல் விழிப்பு மட்டும் ஏறினால், நோயாளி தன் வரம்பை மறந்து அதைத் தாண்டிவிடுவார். வரம்புக்குள் நிற்பது, இருக்கிற சக்தியை அளந்து செலவழிப்பது, இது ஒன்றுதான் இன்று இவர்களிடம் உள்ள தற்காப்பு. அந்த வரம்பைச் சொல்லுகிற அசதியை மழுங்கடிக்கிற எதுவும் ஆபத்து. விலை இரண்டு நாள் கழித்து வருவதால், விளக்குக்கும் வீழ்ச்சிக்கும் தொடர்பிருப்பதே பலருக்குத் தெரியாமல் போகும். காலையில் தெம்பாக இருந்ததை விளக்கின் கணக்கிலும், இரண்டு நாள் கழித்து விழுந்ததை நோயின் கணக்கிலும் எழுதிவிடுவார்கள்.

மூன்று, தூக்கத்தை வெட்டுவது. விடியற்காலையில்தான் கொஞ்சம் கண்ணயர்கிறவரை ஏழு மணிக்கு எழுப்பி விளக்கின் முன் உட்கார வைப்பது, அவருக்குக் கிடைத்த கொஞ்சநஞ்சத் தூக்கத்தையும் பறிப்பது.

நான்காவது எல்லாவற்றிலும் முக்கியம்: ஒளியே தாங்காமை. 2003இல் கனடாவில் வகுக்கப்பட்ட நோய் வரையறையிலேயே ஒளிக்கும் ஒலிக்கும் மிகை உணர்வு அறிகுறியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபர் 29 அன்று வெளியிட்ட வழிகாட்டி, நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு இருண்ட, அமைதியான அறை தேவைப்படலாம் என்று சொல்கிறது. ஸ்டான்ஃபோர்டின் மரபியல் அறிஞர் ரான் டேவிஸின் மகன் விட்னி டஃபோ, ஒரு காலத்தில் உலகம் சுற்றிய புகைப்படக் கலைஞர், இந்த நோயின் கடும் நிலையில் வருடக்கணக்காக இருண்ட அறையில் வாழ்ந்துவருகிறார். ஒளியைத் தேடி அலைந்தவர் ஒளியை விட்டு ஒதுங்குகிறார் என்றால், அது மனச்சோர்வோ பிடிவாதமோ அல்ல. அவர் உடலுக்குத் தாங்கவில்லை. இப்படி ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டுக் கிடக்கிறவரிடம் போய், ‘இருட்டிலேயே கிடப்பதால்தான் உனக்கு இப்படி’ என்று திரையை விலக்குகிறார்களே, அந்தக் காட்சி எத்தனை வீடுகளில் நடக்கிறது! காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அன்பின் பெயரால் செய்கிற வன்முறை அது. கடுமையான சொல்தான். வேறு சொல் பொருந்தவில்லை.

‘கெடுதல் இல்லை, முயன்று பார்’ என்ற வாதத்தை இந்த நோயாளிகள் முதல் தடவையாகக் கேட்கவில்லை. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சைக்கும் இதையேதான் சொன்னார்கள். உடற்பயிற்சியால் யாருக்காவது கெடுதல் வருமா? 2007இல் இங்கிலாந்தின் வழிகாட்டி அதைப் பரிந்துரைத்தது. 2011இல் 641 நோயாளிகளை வைத்து நடத்திய பேஸ் சோதனை, அது பாதுகாப்பானது, பலன் தருவது என்று லான்செட் இதழில் அறிவித்தது. எங்களுக்கு மோசமாகிறது என்று நோயாளிகள் கத்தினார்கள். அவர்களைப் பயிற்சிக்குப் பயந்தவர்கள் என்றார்கள். நீதிமன்றத் தீர்ப்பாயம் தலையிட்டு 2016இல் அந்தச் சோதனையின் தரவு வெளியே வந்தது. மற்றவர்கள் அதை மறுபடி கணக்கிட்டபோது அறிவித்த பலனில் பெரும்பகுதி கரைந்துபோனது. கடைசியில் 2021இன் வழிகாட்டி அந்தச் சிகிச்சையைத் தரக்கூடாது என்று நீக்கியது. இடையில் ஓடிய பதினான்கு வருடங்களில் எத்தனை பேர் நடமாட்டத்திலிருந்து படுக்கைக்குப் போனார்கள் என்பதற்குக் கணக்கு வைக்க யாரும் கவலைப்படவில்லை. விளக்கும் பயிற்சியும் ஒரே அளவு ஆபத்து என்று நான் சொல்லவில்லை. விளக்கின் ஆபத்து குறைவுதான். ஆனால் ‘பொதுவாக எல்லாருக்கும் நல்லது, ஆகவே இவர்களுக்கும் நல்லது’ என்ற தர்க்கம் இந்த நோயில் ஒருமுறை அம்பலமான பிறகும் அதே தர்க்கத்தோடு வருகிறவரை எப்படி நம்புவது?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதற்குப் பதில் சொல்லாமல் போனால் என் மறுப்பு முழுமையாகாது. வேறு நோய்களில் வரும் சோர்வை ஒளி குறைத்திருக்கிறது என்பார்கள். உண்மை. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்ட பெண்களில், காலையில் பிரகாசமான வெள்ளொளி பெற்றவர்களுக்குச் சோர்வு கூடாமல் இருந்தது. மங்கிய சிவப்பொளி பெற்றவர்களுக்குக் கூடியது. மெல்பர்னில் தலைக்காயம் பட்டவர்களுக்கு நான்கு வாரம் நீல ஒளி கொடுத்தபோது சோர்வும் பகல் தூக்கமும் குறைந்தன. இந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நோயாளிகள் எவருக்கும் உழைப்புக்குப் பின்னான சரிவு என்ற சுபாவம் நோயின் இலக்கணமாக இல்லை. அவர்களுக்கு விழிப்பு கூடினால் அது லாபம். எம்.இ. நோயாளிக்கு விழிப்பு கூடினால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வுகளிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்று: இந்த நோயாளிகளில் சிலருக்கு உடற்கடிகாரமே பின்தங்கி, அதிகாலை மூன்று நான்கு மணிக்குத்தான் தூக்கம் வரும். அது தனியான ஒரு தூக்கக் கோளாறு. முறையாகக் கண்டறிந்தால், தாங்குகிறவருக்குத் தாங்குகிற அளவில், அதற்குக் காலை ஒளி கொடுத்துப் பார்க்கலாம். கூடவே மனச்சோர்வும் இருப்பவருக்கு அதற்காகவும் கொடுக்கலாம். அப்போது மருத்துவர், இது உங்கள் தூக்க நேரத்துக்கு, இது உங்கள் மனநிலைக்கு, உங்கள் எம்.இ.க்கு அல்ல என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவதால்தான் பலன் கிடைக்காத நோயாளி தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறார். நேரத்துக்கு எழவில்லை, முழு அரைமணியும் உட்காரவில்லை, நடுவில் விட்டுவிட்டேன் என்று. வீட்டாரும் அதையே சொல்கிறார்கள். மருந்து தோற்றதை நோயாளியின் தோல்வியாக்குவது இந்த நோயின் வரலாறு முழுக்க நடந்திருக்கிறது. 1955இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இந்நோய் கூட்டமாகப் பரவி ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். பதினைந்து வருடம் கழித்து இரண்டு மனநல மருத்துவர்கள், அந்த நோயாளிகளைப் பார்க்காமலே பழைய பதிவேடுகளைப் படித்து, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள்.

இந்த நோய்க்கு விடை தேட வேண்டிய இடங்கள் வேறு. டிகோட்-எம்.இ. என்ற பிரிட்டிஷ் ஆய்வு 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்து, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அவற்றில் சில நோயெதிர்ப்பையும் சில நரம்பு மண்டலத்தையும் சார்ந்தவை. நார்வேயில் ஃப்ளூகேயும் மெல்லாவும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தில் நம்பிக்கை வைத்தார்கள். சிறிய சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. 151 பேரை வைத்துப் பெரிய சோதனை நடத்தியபோது அது பொய்த்தது. 2019இல் பலனில்லை என்று அவர்களே வெளியிட்டு, அடுத்த மருந்துக்கு நகர்ந்தார்கள். ஒளிச் சிகிச்சைக்காரர்களிடம் நான் கேட்பது இந்த ஒழுங்கைத்தான்.

அப்படி ஒரு சோதனையை நடத்த முன்வருகிறவர்கள் சில நிபந்தனைகளை ஏற்க வேண்டும். உழைப்புக்குப் பின்னான சரிவு உறுதியாக உள்ளவர்களை மட்டும் சேர்க்க வேண்டும்; வெறும் சோர்வுள்ளவர்களைக் கலக்கக்கூடாது. ஒப்பிட மங்கிய சிவப்பொளி வேண்டும், நோயாளிக்கு எது உண்மையான சிகிச்சை என்று சொல்லக்கூடாது. படிவம் மட்டும் போதாது. உடலில் கட்டிய கருவி நாள் முழுதும் அசைவையும், நிமிர்ந்திருந்த நேரத்தையும் பதிய வேண்டும். படுத்தபடியே ஒளி பெற வழி செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் அடுத்த மூன்று நாட்களின் சரிவைத் தனியாகக் குறித்து, இடையில் விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்பதையும் அச்சிட வேண்டும். அதற்கு முன்பு, இந்த நோய்க்கென்று சொல்லி விற்கிற ஒவ்வொரு விளக்குப் பெட்டியின் மேலும் லிவர்பூல் முடிவு அச்சிடப்பட வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் உத்தரவிட வேண்டும்.